நோபிதா வீட்டின் செல்வநிலை: ஒரு சமூகவியல் நோக்கு

இலக்கியத்திலே வரும் மாந்தர் எவ்வாறான வீட்டில் வாழ்ந்தனர், எவ்வழியாற் பொருளீட்டினர், யாருக்குக் கடன்பட்டிருந்தனர் என்னும் வினாக்கள் நெடுங்காலமாக எமது திறனாய்வாளராற் பொருட்படுத்தப்படாதிருந்தன. சுவை, அணி, பாத்திர வார்ப்பு ஆகியன பேசப்பட்ட அளவிற்குப் பாத்திரங்களின் வருவாய் பேசப்படவில்லை. க. கைலாசபதி 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலிலே நாவலின் தோற்றத்தை மத்தியதர வர்க்கத்தின் எழுச்சியோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்ததன் பின்னரே இத்தகைய வினாக்களுக்கு ஈழத்திலே கல்விசார்ந்த மதிப்பு ஏற்பட்டது எனலாம். ஆயினும் அம்மரபிலே வந்தோரும் சிறுவர்க்கான ஆக்கங்களை அதிகம் தொட்டுப் பார்க்கவில்லை. அதிலும், இன்று எம் வீடுகளிலே நூலைவிட மிகுந்த நேரத்தைப் பெற்றுக்கொள்ளும் தொலைக்காட்சிச் சித்திரப்படங்கள் திறனாய்வின் எல்லைக்கு அப்பாலேயே நிற்கின்றன.

சித்திரப்படத்திலே வரும் ஒரு குடும்பம் எவ்வளவு செல்வமுடையது எனக் கணக்கிடுவது வீண்வேலை என்று சிலர் கருதக்கூடும். அமெரிக்காவின் 'போர்ப்ஸ்' சஞ்சிகை 2002 முதலாகப் பல தடவைகள் கற்பனை மாந்தரின் செல்வப் பட்டியலை வெளியிட்டு, டிஸ்னியின் ஸ்குரூஜ் என்னும் வாத்தை அதன் உச்சியிலே வைத்து மகிழ்ந்தது. அது பொழுதுபோக்கு. அதே வாத்தை வேறொரு நோக்கிலே கணக்கெடுத்தவர்களும் உளர். ஏரியல் டோர்ப்மன், ஆர்மண்ட் மட்டலார் ஆகிய இருவரும் 1971இல் சிலி நாட்டிலே எழுதிய நூல், வாத்துகளின் நகரத்திலே செல்வம் குவிந்திருக்கிறது, ஆனால் அதனை உற்பத்தி செய்யும் தொழிலாளர் எவரும் இல்லை என்பதை எடுத்துக்காட்டியது. 1973இன் இராணுவப் புரட்சிக்குப் பின்னர் அந்நூல் எரிக்கப்பட்டது. வாத்துப் படங்களைப் பற்றிய ஒரு நூலுக்கு ஆட்சியாளர் அஞ்சினர் என்பதே இவ்வினாவின் கனத்தைக் காட்டப் போதுமானது. பொருளியல் பற்றிய முதற் பாடத்தைச் சிறுவர் பள்ளியிலே கற்பதில்லை; கதையிலேயே கற்கின்றனர்.

இக்கட்டுரை 'டோரேமான்' என்னும் யப்பானியத் தொடரிலே வரும் நோபிதாவின் குடும்பத்தை இந்நோக்கிலே ஆராய முற்படுகின்றது. 2005 முதல் இந்தியத் தொலைக்காட்சியிலே ஒளிபரப்பாகிவரும் இத்தொடர், தமிழ்க்குரல் பெற்று, செய்மதித் தொலைக்காட்சி வழியாகவும் பின்னர் கைத்தொலைபேசி வழியாகவும் கொழும்புத் தமிழ்ச் சிறுவரை வந்தடைந்தது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனைத் தோட்டங்களிலும் வாழும் சிறுவர்க்கு நோபிதா அயல்வீட்டுப் பையனைப் போன்றவன். அவ்வயல்வீட்டின் செல்வநிலை யாது என்பதே எமது வினா.

*

முதற்கண் ஆசிரியரையும் ஆக்கம் தோன்றிய சூழலையும் நோக்குவோம். புஜிக்கோ எப். புஜியோ என்னும் புனைபெயருடைய புஜிமொட்டோ ஹிரோஷி 1933இலே தொயாமா மாவட்டத்திலுள்ள தக்கஒக்காவிற் பிறந்தவர். 1954இலே நண்பர் ஒருவருடன் டோக்கியோவுக்கு வந்து, தொக்கிவா-சோ என்னும் பழைய மரவிடுதியிலே நாலரைப் பாய் விரிக்கக்கூடிய சிறிய அறையில் இருந்துகொண்டு சித்திரக்கதை வரைந்தவர். 'டோரேமான்' 1970ஆம் ஆண்டு சனவரி இதழ்களிலே ஒரே வேளையில் ஆறு சஞ்சிகைகளில் தொடங்கியது. அவை பாலர் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை, ஒவ்வொரு வயதினர்க்கும் தனித்தனியாக வெளியிடப்பட்டவை. ஆகவே நாடு முழுவதிலுமுள்ள பள்ளிச் சிறுவர் அனைவரும் தம் வீட்டைப் போன்றதே எனக் கருதத்தக்க ஒரு வீட்டை ஆசிரியர் வரைய வேண்டியிருந்தது. நோபிதாவின் வீடு ஒருவருடைய வீடன்று. அக்காலத்து யப்பான் தனக்குத் தானே கற்பித்துக்கொண்ட சராசரி வீடு.

அச்சராசரி எத்தகையது? 1970களிலே யப்பானிய அரசு நடத்திய வாழ்க்கைநிலை பற்றிய அபிப்பிராய ஆய்வுகளிலே ஏறத்தாழ 90 சதவீதத்தினர் தம்மை ஏதோவொரு வகையில் நடுத்தரத்தினர் எனக் கூறினர். ஒரு தேசம் முழுவதும் நடுவிலே நிற்பதாகக் கருதிய காலம் அது. நடுவென்பது பொருளியல் உண்மையா, அன்றி மனநிலையா என்ற வினாவுக்கு நோபிதாவின் வீடு நல்லதொரு சான்றாக அமைகின்றது.

*

வீட்டிலிருந்தே கணக்கைத் தொடங்குவோம். டோக்கியோவின் நெரிமா வட்டாரத்திலே இரு தளங்களைக் கொண்ட தனிவீடு. மேற்றளத்திலே நோபிதாவுக்கெனத் தனியறை. அதிலே எழுதுமேசையும், டோரேமான் உறங்கும் சுவரலுமாரியும். கீழ்த்தளத்திலே உண்ணும் அறை, சமையலறை, குளியலறை. முன்னே சிறு தோட்டமும் மதிலும். தந்தை நிறுவனமொன்றிலே மாதச் சம்பளம் பெறும் ஊழியர். தாய் கூலிக்கு வேலை செய்வதில்லை. பிள்ளை ஒருவனே. இவ்வளவையும் ஒரு கொழும்பு வாசகர் படித்தால், வசதியான குடும்பமென்றே முடிவு கூறுவார்.

ஆனால் மறுபுறத்தையும் எழுத வேண்டும். மூலக் கதையின் சில அத்தியாயங்களிலே இது வாடகை வீடென்பது வெளிப்படுகின்றது. வாகனம் இல்லை, தந்தை சாரதி அனுமதிப்பத்திரப் பரீட்சையிலே மீண்டும் மீண்டும் தவறுகிறார். கோடை வெக்கையைத் தாங்கமாட்டாது நோபிதா புலம்புவதிலே தொடங்கும் கதைகள் பல. கைச்செலவுப் பணம் போதவில்லை என்பது அவனுடைய ஓயாத முறைப்பாடு. விடுமுறைக்குத் தொலைதூரம் செல்லுதல் இக்குடும்பத்துக்கு அரிதான நிகழ்வு. திட்டமிட்ட பயணங்களும் தந்தையின் வேலை காரணமாகவோ பணமுடை காரணமாகவோ குலைந்துவிடுகின்றன.

யப்பானியர் தாமே வகுத்துக்கொண்ட ஓர் அளவுகோல் இங்கு உதவும். 1950களிலே தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி ஆகிய மூன்றையும் 'மூன்று திருப்பொருள்கள்' என்றனர். 1960களிலே அவ்விடத்தை மோட்டார் வண்டியும், வர்ணத் தொலைக்காட்சியும், அறைக் குளிரூட்டியும் பெற்றன. முதல் மூன்றும் நோபிதா வீட்டில் உள்ளன. இரண்டாம் மூன்றிலே வண்டி இல்லை; குளிரூட்டியின் வசதியை அவ்வீடு அனுபவிப்பதாகத் தோன்றவில்லை. அதாவது, பொருள்வளர்ச்சியின் முதல் அலையிலே ஏறிக்கொண்டு, இரண்டாம் அலையைக் கரையில் நின்று பார்க்கும் குடும்பம் இது. சராசரிக்குச் சற்றுக் கீழே எனக் கூறுவது தவறாகாது.

இக்கணக்கிலே வழமையாக விடுபடும் ஓர் உருப்படியைச் சேர்த்தல் அவசியம். அது நோபிதாவின் தாயாகிய தமாக்கோவின் உழைப்பு. சமையல், சலவை, கடைக்குச் செல்லுதல், மகனின் படிப்பை மேற்பார்த்தல், மாதக் கடைசியில் வரவுசெலவை இழுத்துப் பிடித்தல் ஆகிய அனைத்தும் அவளுடையவை. ஒருவரின் சம்பளத்திலே மூவர் வாழும் இவ்வீடு வசதியானதாகத் தோன்றுவதற்குக் காரணம், மற்றொருவரின் வேலைக்குச் சம்பளம் கொடுக்கப்படாமையே. தொடரிலே தாய் பெரும்பாலும் சினந்து ஏசுபவளாகவே காட்டப்படுகின்றாள். ஏச்சின் பின்னாலுள்ள கணக்குப் புத்தகத்தைச் சிறுவர் காண்பதில்லை. அக்காலத்து யப்பானிலே பெரு நிறுவனங்கள் ஆண் ஊழியர்க்கு அளித்த வாழ்நாள் வேலை என்ற உறுதியும், இவ்வூதியமற்ற உழைப்பும் சேர்ந்தே அந்தச் சராசரி வீட்டைத் தாங்கி நின்றன.

*

செல்வம் தனித்து நின்று பொருள்தருவதில்லை. அயலோடு ஒப்பிடும்போதே பொருள்தரும். ஆசிரியர் நோபிதாவைச் சுற்றி மூன்று வீடுகளை அமைத்திருக்கிறார். சுனியோவின் தந்தை நிறுவனத் தலைவர். பெரிய வீடும், உல்லாச விடுதியும், வெளிநாட்டுப் பயணமும், சந்தைக்கு வந்த புதிய விளையாட்டுப் பொருள்களும் அவனுக்கு உண்டு. ஜியானின் குடும்பம் சில்லறைக் கடை நடத்துகின்றது; அவன் கடையைப் பார்க்கவும் பொருள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் பணிக்கப்படுகிறான். சிசுகா பியானோவும் வயலினும் பயில்பவள். பண்பாட்டுத் தகைமையைப் பிள்ளைகளின் பயிற்சியிலே சேமிக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவள். முதலாளி, சிறு வணிகர், கற்ற மத்தியதரத்தினர், சம்பள ஊழியர் என நான்கு நிலைகள் ஒரே தெருவிலே உள்ளன.

இந்நால்வரின் உறவிலே ஒரு நுட்பம் உண்டு. சுனியோ தன் பொருளைக் காட்டுவான். ஆனால் விளையாட்டிலோ பயணத்திலோ இடம் மூவர்க்கு மட்டுமே எனக் கூறி நோபிதாவை விலக்குவான். கடைக்காரரின் மகனாகிய ஜியான் ஒருபோதும் விலக்கப்படுவதில்லை. ஏனெனில் அவனிடம் பணமில்லாவிடினும் உடல் வலிமை உண்டு. பணத்தையும் பலத்தையும் இழந்து நிற்பவன் நோபிதா ஒருவனே. அவன் வீடு ஜியானின் வீட்டைவிட வறியதென்று கூற ஆதாரமில்லை. எனினும் அவனே வறியவனாக உணர்கிறான். வறுமை என்பது உடைமையின் குறைவு மட்டுமன்று, விலக்கப்படுதலும் ஆகும் என்ற உண்மையை ஒன்பது பத்து வயதினர்க்கு விளங்கும் வகையில் இதனைவிட எளிமையாகக் கூறுதல் கடினம். தொடரின் யதார்த்தப் பண்பு இவ்விடத்திலேயே சிறக்கின்றது.

நால்வரும் சமமாகக் கூடும் இடம் ஒன்றே. அது கொங்கிறீற்றுக் குழாய்கள் மூன்று அடுக்கப்பட்டுள்ள வெறுங்காணி. நெரிமா ஒருகாலத்தில் முள்ளங்கிச் செய்கைக்குப் பேர்பெற்ற தோட்டப்புறம். நகரம் அதன்மேல் பரவிக்கொண்டிருந்த காலத்திலே, கட்டுமானத்துக்கென இறக்கப்பட்ட குழாய்களும் இன்னும் கட்டப்படாத நிலமும் சிறுவர்க்கு விளையாட்டிடமாயின. விலைபோகாத நிலம் இருக்கும்வரையே வர்க்கங்கள் ஒன்றாகப் பந்தடிக்க முடிந்தது. 1980களின் பிற்பகுதியிலே டோக்கியோவின் நிலவிலை சம்பள ஊழியருக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. 1990களின் தொடக்கத்திலே அக்குமிழி உடைந்தது. இவ்வேற்றத்தாழ்வுகளுக்கிடையே அவ்வெறுங்காணி திரையிலே மட்டும் வெறுமையாகவே இருந்துவருகின்றது.

*

இங்கே ஒரு முக்கியமான விடயம் தோன்றுகின்றது. வரைந்த வீடு மாறவில்லை. அதன் பெறுமதி மாறிவிட்டது. 1970இலே யப்பானியச் சிறுவனுக்கு நோபிதாவின் வீடு சாதாரண வாடகை வீடு. இன்றைய டோக்கியோவிலே, ஒரே சம்பளத்தில், தோட்டத்தோடு கூடிய இரு தள வீட்டில் வாழ்வது பலருக்குக் கைகூடாதது. நோபிதாவின் தந்தை ஒரு சதமேனும் கூடுதலாக உழைக்காமலே, காலம் செல்லச் செல்லச் செல்வராகிக்கொண்டிருக்கிறார்.

காலம் மாற்றியதை இடமும் மாற்றுகின்றது. வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில், முன்பு ஒரு குடும்பம் வாழ்ந்த காணிகளிலே இன்று தொடர்மாடிகள் எழுந்துள்ளன. 1983க்குப் பின்னரும், போர்க்காலத்தின் இடப்பெயர்வுகளின் போதும், வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணத்தின் துணையோடு வந்து குடியேறியோர் பலர். அவ்வீடுகளிலே பிள்ளைக்குத் தனியறை கிடைப்பதே அரிது; மண்ணைத் தொடும் முற்றம் பெரும்பாலும் இல்லை. கொட்டாஞ்சேனையிலே, பொதுக் குழாயையும் பொதுக் கழிப்பறையையும் நம்பி வாழும் தோட்டக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு நோபிதாவின் வீடு ஒரு மாளிகை. இக்கட்டுரையாளரிடம் மாலை வகுப்புக்கு வரும் நாலாம் ஆண்டு மாணவன் ஒருவன், "நோபிதாவுக்குத் தனி அறை இருக்குத்தானே அண்ணா, பிறகென்னத்துக்கு அழுறான்?" என்று வினவியது இவ்விடத்திலே குறிப்பிடத்தக்கது. தொடரின் அடிப்படையையே அசைக்கும் வினா இது. ஆசிரியர் வறுமையின் அடையாளமாகக் காட்டியவை இங்கே வசதியின் அடையாளங்களாக வாசிக்கப்படுகின்றன. சுனியோவுக்கும் நோபிதாவுக்கும் இடையிலுள்ள தூரம் எமது சிறுவர்க்குத் தெரிவதேயில்லை. இருவரும் மதிலுக்கு அப்பால் உள்ளவர்களே.

வாடகை வீடு என்ற ஒரு செய்தியை மட்டும் எடுத்து நோக்கினும் இவ்வேறுபாடு விளங்கும். 'டோரேமான்' தொடங்கிய அதே காலப்பகுதியில், 1972இன் வாடகைச் சட்டமும் 1973இன் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டமும் இலங்கையிலே நிறைவேறின. பின்னையது ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் தொகையை வரையறுத்து, மேலதிக வீடுகளிற் குடியிருந்தோர் அவற்றை விலைக்குப் பெற வழிசெய்தது. கொழும்பிலே வாடகைக்குடியாக இருந்தவர் பலர் உரிமையாளராயினர். நோபிதாவின் தந்தைக்கு அத்தகைய சட்டமொன்று வாய்க்கவில்லை. அவரைக் காப்பது சட்டமன்று, மாதச் சம்பளமே. அச்சம்பளம் நின்றால் என்னாகும் என்ற அச்சம் தொடரின் அடியிலே எப்போதும் ஓடுகின்றது. அதனை வெளிப்படையாகக் கூறுவது முதற்கதையே.

*

முதற்கதையை அறியாமல் இக்குடும்பத்தின் செல்வநிலையை மதிப்பிட இயலாது. ஒளிபரப்பிலே கதைகள் வரிசை மாறி வருவதனால் எமது சிறுவர் பலர் அதனை அறிந்திலர். புத்தாண்டு நாளிலே நோபிதாவின் எழுதுமேசை இழுப்பறையிலிருந்து டோரேமான் தோன்றுகிறான். பின்னர் செவாஷி என்னும் சிறுவனும் வருகிறான். செவாஷி எதிர்காலத்திலிருந்து வந்த நோபிதாவின் வழித்தோன்றல். அவன் காட்டும் படத்தொகுப்பிலே நோபிதாவின் வருங்காலம் உள்ளது: 1988இலே வேலை கிடையாமையால் சொந்தமாக நிறுவனம் தொடங்குதல், 1993இலே அது தீயில் அழிதல், 1995இலே கடன்காரர் வந்து சூழ்தல். அக்கடன் மிகப் பெரிது. நூறு ஆண்டுகள் சென்றும் தீரவில்லை. அதனால் அவ்வாண்டு தனக்குக் கிடைத்த புத்தாண்டுக் கைவிசேடம் 50 யென் மட்டுமே எனச் செவாஷி முறையிடுகிறான். 1970இன் உத்தியோகபூர்வ மாற்று வீதங்களின்படி (டொலருக்கு 360 யென், 5.95 ரூபா) அத்தொகை இலங்கை நாணயத்தில் ஏறத்தாழ 83 சதம்.

ஆகவே, டோரேமான் என்னும் இயந்திரப் பூனை அன்பளிப்பன்று. கடன் நிவாரண முயற்சி. இருப்பிலுள்ள பொருள்களைக் கொண்டு இதுவரை நாம் எழுதிய கணக்கு இங்கே தலைகீழாகின்றது. வீடு, அறை, தோட்டம் என்பன ஒரு பக்கம். நான்கு தலைமுறைக்கு நீளும் கடன் மறுபக்கம். நோபிதாவின் குடும்பம் இன்று நடுத்தரத்தினது, நாளை வறியது. அதன் நிகரச் செல்வம் பூச்சியத்துக்கும் கீழே.

கடன் எவ்வாறு இவ்வளவு பெருகியது என்பதை முதற்கதை விளக்கவில்லை. ஆனால் வேறொரு கதை விளக்குகின்றது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் மருந்தொன்றை நோபிதா இனிப்புப் பண்டமொன்றின்மேல் இடுகிறான். உண்ண உண்ணத் தீராத பண்டம் என்று மகிழ்கிறான். ஒரு மணி நேரத்திலே அது 4,096 ஆகும். இரண்டு மணி நேரத்திலே 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216 ஆகும். எஞ்சியதை ஏவுகணையிலே கட்டி விண்வெளிக்கு அனுப்புவதைத் தவிர டோரேமானுக்கு வழி தோன்றவில்லை. வட்டிக்கு வட்டி என்பதன் இயல்பைச் சிறுவர்க்கு விளக்க இதனினும் சிறந்த பாடம் எமது பாடநூல்களில் உண்டோ என்பது ஐயம்.

இனி, இக்கடனுக்குக் காரணம் யாது என்று ஆசிரியர் கூறுகிறார்? நோபிதாவின் சோம்பல். அவன் படிப்பதில்லை, பகலில் உறங்குகிறான், பரீட்சையிலே பூச்சியம் வாங்குகிறான், ஆதலின் வேலை கிடைக்கவில்லை, ஆதலின் கடன். தொடரின் அறவியல் இச்சங்கிலியிலேயே தொங்குகின்றது. இங்குதான் நாம் ஆசிரியரோடு முரண்பட வேண்டியுள்ளது. முதற்கதை குறிப்பிட்ட ஆண்டுகள் உண்மையிலேயே வந்தபோது நிகழ்ந்தது யாது? நிலவிலைக் குமிழி உடைந்து, 1990களின் முற்பகுதி முதல் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் யப்பானிய இளைஞருக்கு வேலைவாய்ப்பு உறைந்துபோயிற்று. ஊக்கமாகப் படித்துப் பட்டம் பெற்றோரும் நிரந்தர வேலையின்றி அலைந்தனர். 1970இலே எழுதிய ஆசிரியர் இதனை அறிந்திருக்க முடியாது. ஆனால் வரலாறு அவருடைய வாதத்தைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டது. நோபிதா விடிய விடியப் படித்திருந்தாலும் வேலை கிடைத்திருக்குமென்று எவரும் உறுதிகூற முடியாது.

தொடரினுள்ளேயே எதிர்ச்சான்று உண்டு. நோபிதாவின் தந்தை சோம்பேறியல்லர். சிறுவயதிலே போர் காரணமாக டோக்கியோவிலிருந்து நாட்டுப்புறத்துக்கு இடம்பெயர்க்கப்பட்டு, பசியோடு வயலில் வேலை செய்தவர். இளமையிலே ஓவியராக விரும்பியவர். செல்வர் ஒருவர் தம் மகளை மணமுடித்துக் கொடுத்து அவருடைய கலைப் பயிற்சிக்கும் உதவ முன்வந்தபோது, தன் வாழ்வை விற்க மனமின்றி மறுத்தவர். அவர் அடைந்தது வாடகை வீடும் களைத்த மாலைப்பொழுதும். உழைப்பு செல்வமாவதில்லை என்பதைத் தந்தையின் வாழ்க்கை காட்டும்போது, சோம்பலே வறுமைக்குக் காரணம் என மகனின் வாழ்க்கையைக் கொண்டு கூறுவது எங்ஙனம் பொருந்தும்? ஆக்கத்தின் நேர்மை அதன் போதனையை மீறி நிற்கின்றது.

*

டோரேமானின் சட்டைப்பையை இவ்விடத்திலே நோக்குதல் தகும். நாற்பரிமாணமுடைய அப்பையிலிருந்து வேண்டியவை எல்லாம் வெளிவருகின்றன. தமிழ் வாசகர்க்கு இது புதிதன்று. மணிமேகலை பெற்ற அமுதசுரபியும் எடுக்க எடுக்கக் குறையாததே. ஆயின் இரண்டுக்குமிடையே அடிப்படை வேறுபாடு உண்டு. அமுதசுரபி முதலில் ஆதிரையின் கையாற் பிச்சையேற்ற பின்னரே சுரக்கின்றது. காயசண்டிகையின் யானைத்தீ நோயைத் தீர்க்கின்றது. ஈற்றிலே சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகின்றது. அதன் வளம் பொதுவுடைமை. டோரேமானின் பை ஒரு சிறுவனின் தனித்தேவைக்கே திறக்கின்றது: பரீட்சை, பழிவாங்கல், சுனியோவிடம் உள்ளதைத் தானும் பெறுதல். உள்ளிருக்கும் கருவிகள் பல எதிர்காலப் பல்பொருளங்காடியின் விற்பனைப் பண்டங்கள். புத்தகாவியம் பசியைச் சமூகத்தின் நோயாகக் கண்டது. நுகர்வுக் காலத்துச் சித்திரக்கதை அதனைத் தனியாளின் ஆசையாகக் காண்கின்றது.

ஆயினும் ஆசிரியருக்கு நியாயம் செய்தல் வேண்டும். பையிலிருந்து வரும் பொருளால் நோபிதா பணக்காரனாகி நிலைத்த கதை இல்லை. ஒவ்வொரு கருவியும் பேராசையினால் தலைகீழாகி, கதை முடியும்போது அவன் தொடங்கிய இடத்துக்கே மீள்கிறான். மேலும், முதற்கதையிலே செவாஷி கூறும் ஒரு விளக்கம் ஆழ்ந்த பொருளுடையது. நோபிதாவின் திருமணம் மாறினால் நீ எவ்வாறு பிறப்பாய் என்ற வினாவுக்கு, ஒசாக்காவுக்குச் செல்ல வாகனங்கள் பல உண்டு, திசை சரியாயின் எதில் ஏறினாலும் ஊர் சேரலாம் என்னும் பொருள்பட அவன் விடையிறுக்கிறான். அதாவது குலம் தொடரும், வறுமை தொடர வேண்டியதில்லை. ஊழ் என்று ஏற்று அமைதல் எமது காப்பிய மரபிலே வலுவுடையதொரு குரல். வறுமை ஊழன்று, மாற்றத்தக்கது எனச் சிறுவர்க்குக் கூறும் இத்தொடரின் துணிவு பாராட்டுக்குரியது. அதன் குறை, அம்மாற்றத்தின் பாரம் முழுவதையும் ஒரு சிறுவனின் குணத்தின் மேல் சுமத்தியமையே.

*

இவ்வாராய்ச்சி எமக்கு எதற்கு என்று கேட்போர்க்கு ஒரு விடை உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துதலை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. 2024 ஜூன் 26ஆம் திகதி உத்தியோகபூர்வக் கடன்கொடுநர் குழுவுடன் ஏறத்தாழ 5.8 பில்லியன் டொலர் பற்றிய மறுசீரமைப்பு உடன்பாடு கைச்சாத்தானது. அக்குழுவின் இணைத்தலைமை நாடுகள் பிரான்சு, இந்தியா, யப்பான் ஆகியன. 1982இலே எமக்கு ரூபவாஹினி நிலையத்தை அன்பளித்ததும், 2008இலே டோரேமானைத் தன் சித்திரப்படத் தூதுவனாக நியமித்ததும் அதே யப்பானே. திரையைத் தந்தவரும், திரையிலே கடன்பட்ட வீட்டைக் காட்டுபவரும், கடன் மேசையின் மறுபுறம் இருப்பவரும் ஒருவராகவே இருப்பது தற்செயலாயினும் சிந்திக்கத்தக்கது.

இக்கடனை வாங்கியவர் இன்று ஆரம்பப் பாடசாலையிலே படிப்போரல்லர். ஆனால் திருப்பிக் கொடுப்பவர் அவர்களே. அவ்வகையிலே வெள்ளவத்தைச் சிறுவனும் கொட்டாஞ்சேனைச் சிறுமியும் நோபிதாவல்லர், செவாஷியே. கைவிசேடம் குறைந்தமைக்கான காரணத்தை அறிய அவர்களுக்கு உரிமை உண்டு. உன் தந்தை சோம்பேறி, நீயும் படிக்காவிடின் அவ்வாறே ஆவாய் என்பதை மட்டும் அவர்களுக்குக் காரணமாகக் கூறின், அது அரைகுறை உண்மை. வீட்டு வாடகை, நிலவிலை, சம்பளம், வட்டி, தாயின் கூலியற்ற உழைப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கூறினாலே கணக்கு நிறைவுபெறும்.

ஆகவே எமது வினாவுக்கான விடை பின்வருமாறு அமைகின்றது. நோபிதாவின் குடும்பம் தன் காலத்து யப்பானிலே, வாடகை வீட்டில் வாழ்ந்த, சேமிப்பு வலுவற்ற, கீழ் மத்தியதரச் சம்பளக் குடும்பம். இன்றைய நோக்கிலும் எமது நோக்கிலும் அது வசதியுடையதாகத் தோன்றுவது, அக்குடும்பம் வளர்ந்தமையாலன்று. எமக்கு எட்டக்கூடியவை சுருங்கியமையால். முதற்கதையின் கடனையும் சேர்த்தால் அக்குடும்பத்துக்குச் செல்வம் என்று ஒன்று இல்லை. அதனிடம் இருப்பது கால அவகாசம் மட்டுமே.

சிறுவர் இத்தொடரைப் பார்ப்பதைத் தடுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. 2013இலே பங்களாதேசம், பிள்ளைகள் இந்தி பேசத் தொடங்கிவிட்டனர் என்ற அச்சத்தால் இந்திக்குரல் பெற்ற டோரேமானைத் தடைசெய்தது. தடை திறனாய்வாகாது. எமது பல்கலைக்கழகங்களிலே தமிழ் பயில்வோர் சங்கப் பாடலுக்குச் செலுத்தும் கவனத்தில் ஒரு பங்கையேனும், இன்று தமிழ்க் குரலிலே எம் பிள்ளைகளோடு பேசும் இவ்வாக்கங்களுக்குச் செலுத்துதல் வேண்டும். குரல்மாற்றத்தின்போது எவை கைவிடப்படுகின்றன, கைச்செலவு, வாடகை, கடன் முதலிய சொற்கள் எவ்வாறு தமிழாகின்றன, முதற்கதை ஏன் பலருக்கு எட்டவில்லை என்பன தனித்தனியே ஆராயத்தக்க பொருள்கள். அப்பணியை மேற்கொள்வோர்க்கு இக்கட்டுரை ஒரு தொடக்கமாக அமையின் அதுவே போதுமானது.